கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குதிரை

சிவமயம்

காரைக்குடி
2-3-1967

அன்புமிக்க மாப்பிள்ளை சிவசங்கரன் அவர்களுக்கு,

மைத்துனன் காளிதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. எனக்கும் மீனாளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தாங்கள் மெஸ்ஸில் சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டோம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

பொங்கலுக்கு வந்த தங்கை மீனாள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். தங்களிடமிருந்து அவளுக்குக் கடிதம் ஏதும் வரவில்லை. தபாலில் தவறியிருக்குமோ என்று நானே எழுதுகிறேன்.

தங்களுக்குப் பிடித்த சேதி ஒன்று. போன வாரம் பழைய முருகன் படம் ஒன்று சட்டம் மாற்றக் கடைக்கு வந்தது. முப்பத்தைந்து நாற்பது வருஷத்துக்கு முன் எங்கள் அப்பா போட்ட சட்டம். பின்பலகையைக் கழற்றினால், சாமிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு வெள்ளைக்காரன் ஒளிந்திருந்தான். பெரிய தொப்பி, கழுத்தில் துணி, கையில் துப்பாக்கி. அந்தக் காலத்து ஊமைப்பட போஸ்டரில் பாதி. கல்யாணத்தன்று தாங்கள் என்னிடம் பந்தியில் உட்கார்ந்து இந்தக் குதிரைக்காரப் படங்களைப் பற்றித்தான் பேசினீர்கள், நினைவிருக்கிறது.

அம்மாவைக் கேட்டேன். டெண்ட் கொட்டகைக்காரர் ஒருவர் படம் மாறினதும் மீந்த போஸ்டர்களை அப்பாவிடம் கட்டாகக் கொடுத்துவிடுவாராம். தூசி நுழையாமல் இருக்க அப்பா அவற்றைப் பலகையில் ஒட்டிவிடுவாராம். அப்படியானால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்பா சட்டம் போட்ட படங்களுக்கெல்லாம் பின்னால் பார்க்க வேண்டும்.

ஒரு சனி ஞாயிறு வாருங்கள். இதையும் பார்க்கலாம். மீனாளையும் கையோடு அழைத்துக்கொண்டு போகலாம்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
காளிதாஸ்


திருவல்லிக்கேணி, சென்னை-5
6-3-1967

அன்புள்ள மச்சானுக்கு,

சௌக்கியமாக இருக்கிறேன். அத்தைக்கு வலி குறைந்தது அறிந்து நிம்மதி. மெஸ் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஆபீஸில் ஒரு தடவை, டிராமில்லாத இந்த ஊரில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு தடவை, வீட்டில் இரண்டு தடவை. ஆனால் மச்சான், எழுதுவதைத் தெளிவாக எழுத வேண்டாமா? 'பெரிய தொப்பி' என்றால் என்ன நிறம்? அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பேர் இருக்கிறதா? மடிப்பு எத்தனை? மேல் பாதியா, கீழ்ப் பாதியா?

இந்த ஊரில் ஒன்பது வருஷமாகத் தேடுகிறேன். மூர்மார்க்கெட்டில் பழைய புத்தகக்காரர் எல்லாருக்கும் என்னைத் தெரியும். இதுவரை கிடைத்தது ஏழு. அதில் ஒன்று இப்போது இல்லை. அமெரிக்காவிலிருந்து படச்சுருளோடு வரும் தாள். படம் ஓடி முடிந்தால் சுவரோடு மழையில் போய்விடும். யாரும் வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் அப்பா வைத்திருக்கிறார்! தெரியாமலே வைத்திருக்கிறார்!

புளியங்கொட்டைப் பசையாகத்தான் இருக்கும். வெறுமனே இழுத்தால் உரிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பலகையோடு ஊறவைத்து, ஒரு மூலையிலிருந்து மெல்ல, மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும். வெள்ளை வேட்டியில் பரத்தி நிழலில் உலர்த்த வேண்டும்.

மார்ச் மாதம் ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. பார்சலில் அனுப்பிவையுங்கள். வேறு வீடுகளிலும் பாருங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்
சிவசங்கரன்


சிவமயம்

காரைக்குடி
24-4-1967

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு,

வணக்கம். மூவரும் சுகம். இங்கே வெயில் கொளுத்துகிறது. அங்கே கடல் காற்று இருக்கும் என்று அம்மா சொல்கிறாள்.

போஸ்டர் தேடுவது தாங்கள் நினைப்பதுபோல் இல்லை. முதலில் பிள்ளையார்பட்டிக்குப் போனேன். அங்கே தேங்காய்க்கடை வைத்திருக்கும் கருப்பம்மாளிடம் அப்பா சட்டம் போட்ட பிள்ளையார் படம் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன் ஆசாரியாரே, நல்லா இருக்குற படத்தை எதுக்குப் பிரிக்கிறீக? சாமிக்கு என்ன சீக்கா?" என்றாள்.

"சாமிக்கு ஒண்ணுமில்ல. பின்னால ஒரு தாள் இருக்கும், அது வேணும்."

"என்ன தாளு?"

"துப்பாக்கி வச்சிருக்குற வெள்ளைக்காரன் படம்."

கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தாள். "இத்தனை வருசமா இவனையுமா சேர்த்துக் கும்பிட்டுருக்கேன்? பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாம். ஏவாரத்தக் கெடுக்காமப் போயிருங்க."

இப்படி நாலு இடத்தில் திரும்பி வந்தேன். எலெக்ஷன் முடிந்து ஊர்ச்சுவரெல்லாம் போஸ்டராக இருக்கிறது. நான் சாமி படத்துக்குப் பின்னால் போஸ்டர் தேடி அலைகிறேன் என்று தெருவில் சிரிக்கிறார்கள். இரண்டு வீட்டில் மட்டும் புதுச்சட்டம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் கழற்றினேன். மொத்தம் மூன்று கிடைத்தன. தாங்கள் எழுதியபடியே ஊறவைத்துப் பிரித்து உலர்த்தியாயிற்று. ஒன்றில் மட்டும் ஓரத்தில் நகத்தளவு கிழிந்துவிட்டது. மூன்றையும் அட்டைக் குழாயில் வைத்து இன்று பதிவுத் தபாலில் சேர்த்திருக்கிறேன்.

மீனாள் தையல் கற்றுக்கொள்ளப் போகிறாள். நன்றாக இருக்கிறாள். தாங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்படிக்கு
காளிதாஸ்


சென்னை-5
5-5-1967

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். பார்சல் வந்தது.

அட்டைக் குழாய் நசுங்கியிருந்தது. நல்லவேளை, உள்ளே தாள்கள் தப்பின. மூன்றும் அசல். ஒன்றில் ரயிலுக்குப் பக்கத்தில் குதிரை ஓடுகிறது. புகை வரைந்திருக்கும் அழகை இன்றைக்கு யாராலும் வரைய முடியாது. இதை எழுதும்போது எதிரே விரித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் கிழிசல் நகத்தளவு என்றீர்கள். அளந்து பார்த்தேன், கட்டைவிரல் நீளம். யார் பிரித்தது? உங்களுடையது உளி பிடித்த கை. உங்கள் வேலையாகத் தெரியவில்லை. பொறுமையில்லாத கை பட்டிருக்கிறது. நாற்பது வருஷம் தப்பிப் பிழைத்ததை நாலு நிமிஷ அவசரத்தில் கிழிப்பதா? அந்தக் கையை இனிமேல் தொடவிடாதீர்கள். தயவுசெய்து.

மற்றபடி உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்னும் தேடுங்கள். லீவு கேட்டிருக்கிறேன், கிடைப்பது சந்தேகம்.

அத்தையை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்
சிவசங்கரன்


சிவமயம்

காரைக்குடி
20-7-1967

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். அம்மாவுக்கு மறுபடி வலி. மற்றவர்கள் நலம். உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும்.

தங்கள் போன கடிதம் இங்கே வேறொருவர் கண்ணிலும் பட்டுவிட்டது. அதன்பின் மூன்று வாரம் தாள் பிரிக்கும் வேலை நடக்கவில்லை. பிறகு தானாகவே மறுபடி தொடங்கிற்று. இப்போது ஆறு சேர்ந்திருக்கின்றன. ஒன்றிலும் ஓரம் கிழியவில்லை. அளந்து பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் இனிமேல் பார்சல் கிடையாது. குழாய் நசுங்கும் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம் திருக்கோஷ்டியூரில் ஒரு கல்யாணம். அம்மாவோடு மீனாளும் வந்தாள். பந்தியில் அம்மாவின் சித்தி மகள், "மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டாள். அம்மா, "லீவு கெடைக்கல" என்றாள். "போன கல்யாணத்துக்கும் அதத்தான சொன்னீக? அது என்னடி ஆபீசு, ஆளைக் கட்டிப் போட்டுருக்கானா?" என்று நாலு பேர் கேட்கச் சிரித்தாள். மீனாள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். பாயசம்கூட வரவில்லை அப்போது.

அவளிடம் என்ன நடந்தது என்று நான் கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே" என்கிறாள். தங்களிடம் கேட்டால் அச்சகத்தின் பேர் என்ன என்று கேட்கிறீர்கள். நடுவில் நான் என்ன செய்வது? சட்டம் கோணினால் இழைத்து நேராக்கத் தெரியும். இது எனக்குத் தெரியவில்லை.

எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு
காளிதாஸ்


சென்னை-5
11-9-1967

அன்புள்ள மச்சானுக்கு,

காய்ச்சலில் பத்து நாள் கிடந்தேன். இப்போது தேவலை. அதனால்தான் தாமதம் என்று எழுத நினைத்தேன். அது உண்மையில்லை. காய்ச்சல் பத்து நாள்தான். மீதி நாளெல்லாம் என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன்.

இந்தத் தாள்களின்மேல் எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு ஆறு வயது இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். வெள்ளைக் குதிரை ஒரு பள்ளத்தைத் தாண்டுகிறது. மேலே இருப்பவனின் தொப்பி கழன்று ஆகாயத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தானா, பள்ளத்தில் விழுந்தானா, தெரியாது. தினமும் போய் நின்று பார்ப்பேன். சனிக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று என் அப்பா சொன்னார். வெள்ளிக்கிழமை பெருங்காற்றில் டெண்ட் கிழிந்து, கொட்டகைக்காரர் வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் அப்பாவும் காலரா கண்டு போய்விட்டார். அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை. எந்தப் போஸ்டரைக் கையில் எடுத்தாலும் அந்தக் குதிரையா என்றுதான் முதலில் பார்க்கிறேன். வயது நாற்பது ஆகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். யாரிடமும் சொன்னதில்லை.

லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்குப் பார்க்கலாம்.

மீனாம்பிகை தையல் கற்றுக்கொள்வதாக முன்பு எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

அன்புடன்
சிவசங்கரன்


சிவமயம்

காரைக்குடி
18-11-1967

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு,

வணக்கம். உடம்பு முழுக்கத் தேறிவிட்டதா? தீபாவளிக்கு வருவீர்கள் என்று அம்மா அதிரசத்துக்கு மாவு கூட்டி வைத்திருந்தாள். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அதை விடுங்கள்.

நெற்குப்பையில் கண்ணாத்தாள் ஆச்சி வீடு. அவர்கள் கல்யாணத்துக்கு வாங்கிய ஆளுயரக் கண்ணாடிக்கு எங்கள் அப்பாதான் தேக்குச்சட்டம் செய்தார். மழைக்குப் பின்பலகை உப்பிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போன புதன்கிழமை நாலு பேர் பிடித்துக் கண்ணாடியை இறக்கினோம். பலகையைக் கழற்றினேன்.

முழுத்தாள், மாப்பிள்ளை. வெட்டவில்லை. மேலே ஆங்கிலத் தலைப்பில் 'ரைடர்' என்ற கடைசிச் சொல் மட்டும் படிக்க முடிகிறது. மீதியைச் செல் அரித்துவிட்டது. கீழே பள்ளம். வெள்ளைக் குதிரை நாலு காலும் தரையில் இல்லை. தொப்பி ஆகாயத்தில்.

தாளை மட்டும் கொடுத்துவிடும்படி ஆச்சியிடம் கெஞ்சினேன். "எங்க வீட்டு அய்யா ஆசையா வாங்குன கண்ணாடி. அதுல இருந்து ஒரு ஆணிகூட வெளிய போகப்படாது. பாக்கணும்னா ஒங்க மாப்பிள்ளையை வரச் சொல்லுங்க. எத்தனை நாழி வேணும்னாலும் பாக்கட்டும். பாத்துட்டு மாட்டிட்டுப் போயிரணும்" என்றார்கள். ஒரு அங்குலம்கூட இறங்கி வரவில்லை.

ஆகவே இதைப் பார்சலில் கேட்க முடியாது. லீவு இல்லை என்று இனிமேல் எழுதாதீர்கள்.

வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு
காளிதாஸ்


காரைக்குடி
4-1-1968

சிவசங்கரன் அவர்களுக்கு,

நேற்று நெற்குப்பை போயிருந்தேன். கண்ணாத்தாள் ஆச்சி என்னைப் பார்த்ததும், "ஒங்க மாப்பிள்ளை வந்துட்டுப் போனாகளே" என்றார்கள். "ரெண்டு சனிக்கிழமைக்கு முன்னால. கண்ணாடியை இறக்கச் சொல்லித் தரையில உக்காந்து ரெண்டு மணி நேரம் பாத்தாக. காப்பி கொடுத்தேன், அது பாட்டுக்கு ஆறிப்போச்சு. எங்க தங்கியிருக்கீகன்னு கேட்டேன், மாமியார் வீட்லன்னு சொன்னாக."

"ஆமா ஆச்சி, எங்க வீட்லதான் இருந்தாக" என்றேன். என் வாயால் சொன்னேன்.

எட்டு மைல் பத்து மைல் இல்லை, சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருக்கிறீர்கள். காரைக்குடி ஸ்டேஷனில்தான் இறங்கியிருக்க வேண்டும். திரும்பவும் அங்கேதான் ஏறியிருக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு இருபது நிமிஷ நடை. ஒரு காகிதத்தைப் பார்க்க லீவு கிடைத்தது. மனுஷியைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. மீனாளிடம் சொன்னேன். கோபத்தில் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. அப்போதுதான் நடந்ததைச் சொன்னாள். போன வருஷம் மார்கழி மழையில் விறகெல்லாம் நனைந்து, தாங்கள் குளிக்க வெந்நீர் போடக் கட்டிலுக்கடியில் இருந்த பழைய தாளை எடுத்து அடுப்பைப் பற்றவைத்தாளாம். அது தாங்கள் சேர்த்தவற்றில் ஒன்று என்று அவளுக்குத் தெரியாதாம். அதன்பின் பதினோரு நாள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாமே? போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கூப்பிட்டால் திரும்பாமல், பதினோரு நாள். "திட்டியிருந்தா இருந்திருப்பேண்ணே" என்றாள்.

தாளை அவள் எரித்தது தெரியாமல். தாங்கள் செய்தது?

என்னிடம் பத்து போஸ்டர்கள் இருக்கின்றன. இனி ஒன்றும் வராது. கடிதமும் வராது.

காளிதாஸ்


சென்னை-5
12-1-1968

மச்சானுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. நெற்குப்பையிலிருந்து பஸ்ஸில் திரும்பியபோது உங்கள் வீட்டுக்கு வருவதென்றுதான் வந்தேன். பழம்கூட வாங்கினேன். மூன்று மணி இருக்கும். உங்கள் தெருமுனையில் திரும்பினால் கடையின் பக்கத்து முற்றம் தெரிகிறது, படல் தாழ்வாகத்தான் இருக்கிறது. அங்கே மீனாம்பிகை நின்றிருந்தாள். தகரம் அடித்த பெரிய தட்டில் தண்ணீர். முழங்கை வரை நனைந்திருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தாளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு மெல்ல ஒருவர் ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, 'பொறுமையில்லாத கை' என்று நான் யாரை எழுதினேன் என்று.

மச்சான், என்ன முகத்தோடு அந்தப் படலைத் திறப்பேன்? பழத்தை ஸ்டேஷனில் யாரிடமோ கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

அந்தப் பதினோரு நாளில் நான் கோபமாக இருந்தது இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பேசலாம் என்று வாயைத் திறந்தேன், எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நாலாம் நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது. அப்படியே போய்விட்டது. ஒரு வருஷமும் அப்படியே போய்விட்டது.

நெற்குப்பைப் போஸ்டர் அதேதான். இரண்டு மணி நேரம் பார்த்தேன். அவன் அந்தப் பக்கம் சேர்ந்தானா என்று அதிலும் தெரியவில்லை.

சிவசங்கரன்


சென்னை-5
20-3-1968

மச்சானுக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து வரி இல்லை. எழுத மாட்டேன் என்று சொல்லித்தான் இருந்தீர்கள். நீங்கள் எல்லோரும் நலமா என்பது மட்டுமாவது தெரிந்தால் போதும்.

மீனாம்பிகைக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். 'அன்புள்ள' என்பதற்கு மேல் ஓடவில்லை. போஸ்டரைப் பற்றி என்றால் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். நேற்று என்மேலேயே எரிச்சல் வந்து பேனாவைச் சுவரில் எறிந்தேன். நிப்பு வளைந்துவிட்டது. இது பென்சில்.

சிவசங்கரன்


காரைக்குடி
9-5-1968

உங்களுக்கு மீனாம்பிகை எழுதுவது.

நான் நலம். அம்மாவும் அண்ணனும் நலம். உங்களுக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் நான் படித்திருக்கிறேன். தாள்களைப் பிரித்தது நான்தான். உங்களிடம் சொல்லக் கூடாதென்று அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஒன்றை எரித்துவிட்டோமே, நாலு சேர்த்துக் கொடுத்தால் பேசுவீர்கள் என்று நினைத்தேன். முதல் தாளில் கை நடுங்கிக் கிழிந்தது. அதற்கு நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தத் தட்டைக் கவிழ்த்துப் போட்டேன். பிறகு எனக்கே அந்த வேலை பிடித்துவிட்டது. உங்களுக்காக இல்லை. தாள் பலகையை விட்டு வரும்போது கைக்குத் தெரியும். அது நன்றாக இருக்கிறது.

வெள்ளைக் குதிரையின் கதையை அண்ணனுக்கு எழுதினீர்கள். யாரிடமும் சொன்னதில்லை என்று வேறு எழுதினீர்கள். நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவள் நான். கட்டிலுக்கடியில் தாள் இருப்பதுதான் எனக்குத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளை சந்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஈரவிறகை ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருப்பேனே தவிர அதைத் தொட்டிருக்க மாட்டேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. பதினோரு நாள்கூட ஆறிவிட்டது.

இன்னொன்று. அன்றைக்கு நீங்கள் தெருமுனையில் நின்றதை நான் பார்த்தேன். அண்ணனிடமும் சொல்லவில்லை. நெற்குப்பைக்கு வந்தீர்கள் என்று அண்ணன் வந்து சொன்னபோது நான் அழாமல் இருந்தது அதனால்தான். பழப்பை கையில் இருந்தது, இளைத்திருந்தீர்கள். கூப்பிட்டிருப்பேன். இரண்டு கையிலும் ஈரத்தாள். கையை அசைத்தால் இரண்டாகப் போய்விடும். அதை வேட்டியில் பரத்திவிட்டு நிமிர்ந்தேன். நீங்கள் இல்லை.

நானும் தாளைத்தான் பார்த்திருக்கிறேன். அதை அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிழிந்தால் கிழிகிறது என்று விட்டிருக்க வேண்டும்.

தையல் பரீட்சை இரண்டும் பாஸ் செய்துவிட்டேன். தேவகோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக எடுத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் சேர வேண்டும். பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு அறையும் சமையல்கட்டும் பார்த்தாயிற்று. சென்னைக்கு நான் திரும்ப வரப்போவதில்லை.

நீங்கள் வருவதானால் அங்கே வாருங்கள். அறையில் ஒரு சுவர்தான் காலியாக இருக்கிறது. ஒரு போஸ்டர் மாட்டலாம். எதுவென்று நீங்களே பாருங்கள். கட்டிலுக்கடியில் எதுவும் வைக்கக் கூடாது. கோபம் வந்தால் திட்டுங்கள். பேசாமல் இருப்பது ஒரு நாளோடு சரி. மறுநாள் 'தண்ணி கொடு' என்றாவது சொல்லிவிட வேண்டும்.

அன்புள்ள என்பதற்கு மேல் ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம்.

மீனாம்பிகை


சென்னை-5
15-5-1968

அன்புள்ள

சிவசங்கரன்


சிவமயம்

காரைக்குடி
20-9-1968

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் மீனாளுக்கும்,

காளிதாஸ் எழுதுவது. அம்மா சுகம். ஒரே உறையில் இரண்டு பேர் பேரையும் எழுதி வெகுநாள் ஆயிற்று. எந்தப் பேரை முதலில் எழுதுவதென்று குழம்பி ஒரு உறையை வீணாக்கினேன்.

மாப்பிள்ளைக்கு மாற்றல் தேவகோட்டைக்கே கிடைக்காமல் சிவகங்கைக்குக் கிடைத்தது அம்மாவுக்கு மனக்குறை. தினமும் பஸ்ஸில் போய்விட்டு இருட்டித்தான் வருகிறீர்களாம். சீனியாரிட்டி போனதை நினைத்து முணுமுணுக்கிறீர்கள் என்று மீனாள் எழுதியிருந்தாள். முணுமுணுக்கட்டும், காதில் விழுகிற மாதிரி ஏதோ ஒன்று செய்கிறார் என்றும் எழுதியிருந்தாள். சுவரில் எதை மாட்டியிருக்கிறீர்கள் என்று அவள் எழுதவில்லை. நான் கேட்கப்போவதும் இல்லை. மற்றவற்றுக்குத் தேக்கில் தட்டையான பெட்டி ஒன்று செய்து முடித்துவிட்டேன். என் கடையிலேயே இருக்கட்டும்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். முந்தாநாள் அழகு என்பவர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பெரிய நடராஜர் படம் ஒன்றைக் கட்டைவண்டியில் கொண்டுவந்தார். அப்பா போட்ட சட்டம். பலகையைக் கழற்றினேன். உள்ளே முழுத்தாள். ஒரு பொம்பளை குதிரைமேல் உட்கார்ந்து துப்பாக்கியைக் குறி பார்க்கிறாள். நிறம் அப்படியே இருக்கிறது. பொம்பளை குதிரைக்காரி ஒருத்தியைத் தாங்கள் ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை.

ரொம்ப நேரம் பார்த்தேன்.

"என்ன ஆசாரியாரே, பூச்சி விழுந்துருச்சா?" என்று அழகு கேட்டார்.

"இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பலகையைத் திரும்ப வைத்து, சுற்றி எட்டு ஆணி அடித்து வண்டியில் ஏற்றிவிட்டேன். எந்த வீடு என்று கேட்டு எழுதாதீர்கள். சொல்ல மாட்டேன். ஆயுத பூஜைக்கு இரண்டு பேரும் வாருங்கள்.

காளிதாஸ்